'ஃபார்மேட் பண்ணவா?'னு கேட்டா, 'நோ' சொல்லுங்க!

கல்யாண போட்டோ இருக்கிற ஹார்டு டிஸ்க்கை மாட்டினதும், 'இனிஷியலைஸ்', 'ஃபார்மேட்' என்று விண்டோஸ் கேட்கிறதா? பதறாதீங்க. பார்ட்டிஷன் டேபிள் என்பது புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி. பழைய எம்.பி.ஆர் முறையில் அது வெறும் 64 பைட். அது கிழிந்தாலும் உள்ளே பக்கங்கள் பெரும்பாலும் பத்திரம். ஜி.பி.டி முறையில் டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகலே உண்டு.

1. எதற்கும் ஓகே கொடுக்காதீங்க. புதுசா எதையும் காப்பி பண்ணாதீங்க.

2. முதலில் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் இமேஜ் எடுங்க.

3. 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச மென்பொருளில் 'அனலைஸ்', 'க்விக் சர்ச்' கொடுங்க. உங்கள் ஃபைல்கள் பட்டியலில் தெரிந்தால் மட்டும் 'ரைட்'.

2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரைச் சூழ்ந்ததை இரும்புலியூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நனைந்த டிஸ்க்குக்கும், 'டிக் டிக்' சத்தம் போடும் டிஸ்க்குக்கும் இந்த வைத்தியம் ஆகாது. பவரே கொடுக்காமல் டேட்டா ரெக்கவரி லேபுக்குக் கொண்டுபோங்க.