வலக்கையும் இடக்கையும்: திருகோணமலைத் துறைமுகமும் வலுவிழப்புப் பட்டியலின் வரலாறும்

திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 அக்டோபர் 15 அன்று பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசின் கைக்கு மாறிய காலத்தில், உட்துறைமுகத்தின் ஒரே இறங்குதுறையில் ஒரே உருக்குவடத்தைப் பிடித்திழுத்த இருவரின் கைகளைச் சட்டம் இருவேறு வகையாகவே கண்டது. வடத்துக்கும் இரும்புக்கட்டைக்கும் இடையே விரல் நசுங்கினால், கூலித் தொழிலாளி 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஆணையாளரிடம் முறையிடலாம்; 1950இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கடற்படையின் மாலுமியோ அச்சட்டத்தின் ‘தொழிலாளி’ என்னும் வரையறைக்குப் புறம்பானவர், படைத்துறை ஓய்வூதிய விதிகளுக்கே உரியவர். எனினும், உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் இத்தனை வீதம் என முன்கூட்டியே விதிக்கும் பட்டியல் முறை இவ்விருவருக்கும் பொதுவான ஒரு முன்வரலாறு உடையது என்பதும், அம்முன்வரலாற்றைப் பற்றிச் செல்வாக்குப் பெற்றுள்ள ஒரு விளக்கம் கையைப் பொறுத்தவரை பொருந்தவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

அவ்விளக்கம் ஜோனா பர்க் என்னும் வரலாற்றாசிரியருடையது. முதல் உலகப்போரில் உறுப்பிழந்த பிரித்தானியப் படையினரைப் பற்றி 1996இல் வெளியான தம் நூலில், ஓய்வூதிய ஆணைகள் உறுப்புகளுக்கு இட்ட விலையை அவர் ஒருவகை ஒழுக்க மதிப்பீடாக வாசிக்கிறார்: ஓர் உறுப்பை இழந்தவன் ஆண்மகனாகச் செயற்படுவதில் எவ்வளவு குன்றினான் என்பதைவிட, ஆண்மகனாக இருப்பதில் எவ்வளவு குன்றினான் என்பதே அளவுகோலாயிற்று என்பது அவர் கருத்து. முகம் கடுமையாகச் சிதைந்தவனுக்கு, அவன் கைகால்கள் நலமாயிருந்தபோதும், முழு வலுவிழப்பு வழங்கப்பட்டமை இவ்வாசிப்புக்குப் பெரும்பலம் சேர்க்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே நூல் தரும் வேறொரு தரவு அவ்வாசிப்புக்கு எதிராகவே நிற்கிறது. தோளோடு வலக்கையை இழந்த படைவீரனுக்கு வாரம் 16 ஷில்லிங்கும், தோளுக்குக் கீழே முழங்கைக்கு மேலே இழந்தவனுக்கு 14 ஷில்லிங்கும், முழங்கைக்குக் கீழே இழந்தவனுக்கு 11 ஷில்லிங் 6 பென்சும் கிடைக்க, இடக்கைக்கு ஒரு ஷில்லிங் குறைக்கப்பட்டது என அவரே எழுதுகிறார். இடக்கை இழந்தவன் வலக்கை இழந்தவனைவிட ஒரு ஷில்லிங் அளவுக்குக் கூடுதலான ஆண்மகன் என எவரும் கருதியிருக்க முடியாது. கையெழுத்திடும் கை, சுத்தியல் ஓங்கும் கை, துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் கை எது என்னும் கேள்வி மட்டுமே அந்த ஒரு ஷில்லிங்குக்கு விளக்கமளிக்கும். முகத்துக்குப் பர்க்கின் வாசிப்பு பொருந்தலாம். கைக்குரிய வரிகளில் செயலே அளக்கப்பட்டிருக்கிறது.

இந்த வல இட வேறுபாடு பட்டியலின் பயணத்தைத் தடம்பிடிக்கவும் உதவுகிறது. பிரித்தானியாவின் 1897, 1906ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்களில் உறுப்புப் பட்டியலே கிடையாது. காயமுற்றவரின் வாரக் கூலியில் ஏறக்குறைய பாதி என்பதே அங்கு விதி. ஆனால் இலங்கைச் சட்டத்துக்கு வார்ப்பாக அமைந்த 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பட்டியலோடு வருகிறது: முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை 70 வீதம், இடக்கை 60, முழங்கைக்குக் கீழே வலக்கை 60, இடக்கை 50, கட்டைவிரல் 25, சுட்டுவிரல் 10, ஏனைய விரல் எதுவாயினும் 5. பிரித்தானியத் தொழிலாளியின் கை பட்டியலுக்குள் வருவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தபோது, குடியேற்ற நாட்டுத் தொழிலாளியின் கை கால்நூற்றாண்டு முன்னரே அதற்குள் அடைக்கப்பட்டது.

எங்கிருந்து வந்தது இந்தப் பட்டியல்? அமெரிக்க மாநிலச் சட்டங்கள் ஒரு வாய்ப்பு. ஆயினும் 1911ஆம் ஆண்டு நியூ ஜெர்சிச் சட்டம் உறுப்பை வாரங்களால் அளக்கிறது, கட்டைவிரலுக்கு 60 வாரம், கைக்கு 150 வாரம் என்றவாறு. வலம் இடம் என்று அது பிரிப்பதுமில்லை. வீதமும் வல இடப் பிரிவும் ஒருங்கே அமைந்த முன்மாதிரியாகப் பிரித்தானியப் போர் ஓய்வூதிய ஆணை அமைகிறது. இது வடிவ ஒப்புமையை மட்டும் ஊன்றி நிற்கும் வாதம் என்பது உண்மைதான். ஆனால் ஒப்புமை தற்செயலானதெனில் அதே வழியில் இரண்டாம் முறையும் பட்டியல் பயணம் செய்திருக்காது. 1962ஆம் ஆண்டின் 64ஆம் இலக்கத் திருத்தத்தால் இந்தியா ஏற்ற புதிய பட்டியலில் கை 60, கட்டைவிரல் 30, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7 என்றுள்ள எண்கள், போர் ஓய்வூதியத்துக்கும் தொழிற்காயத்துக்கும் பொதுவாகப் பிரித்தானியா வகுத்த எண்களேயாகும். வல இட வேறுபாடு அதில் மறைந்துவிட்டது. 1923இல் இடம்பெறாத முகச்சிதைவு, 100 வீதத்தோடு இப்போது உள்ளே வந்தது. சம்பாதிக்கும் திறனை அளப்பதாகச் சொல்லும் சட்டத்தில் இவ்வரி இருப்பது பர்க்குக்குச் சாதகமான சான்று என்றே கொள்ளவேண்டும், முகஞ்சிதைந்தவருக்கு யாரும் வேலை தரமாட்டார் என்னும் காரணமும் கூறத்தக்கதாயினும்.

கையைப் பொறுத்தவரை பட்டியல் துண்டிப்பையே அறியும். மணிக்கட்டை அது அறியாது. விழும்போது உள்ளங்கையை ஊன்றியவரின் படகெலும்பு, அதாவது மணிக்கட்டின் கட்டைவிரற்பக்கச் சிற்றெலும்பு, முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமற்போவதும், குருதியோட்டம் குறைவாதலால் பொருந்தாமலே நின்றுவிடுவதும் மருத்துவர் நன்கறிந்தவை. கை முழுதாக இருக்கும், பிடி இராது. 1923ஆம் ஆண்டுப் பட்டியலின் அடிக்குறிப்பு, உறுப்பின் பயன்பாடு முற்றாகவும் நிரந்தரமாகவும் இழக்கப்பட்டால் அதனை உறுப்பிழப்புக்குச் சமமாகக் கொள்கிறது; பாதிப் பிடி எஞ்சியவருக்கு அது உதவாது. அவர் பட்டியலுக்கு வெளியே, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவச் சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். பிரித்தானியாவில் தந்தியாளரின் கைப்பிடிப்பு 1908இலேயே தொழில்நோயாக ஏற்கப்பட்டது. அதிரும் கருவிகளால் வரும் வெண்விரல் நோய் 1985 வரையும், மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெரிவது 1993 வரையும் காத்திருந்தன. இந்தியாவின் 1923ஆம் ஆண்டு நோய்ப்பட்டியலிலோ அடைப்பான் நோய், ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு ஆகிய மூன்றே இருந்தன.

பட்டியலின் வீதம் இறுதியானதன்று என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் நிலைநாட்டியது. திரையரங்கு ஒன்றில் வேலை செய்கையில் விழுந்து, முழங்கைக்கு மேல் இடக்கை துண்டிக்கப்பட்ட தச்சர், ஒரு கையால் தச்சுவேலை செய்ய இயலாதாகையால் முழு வலுவிழப்புக்கு உரியவர் என்பது அத்தீர்ப்பு. உளியைப் பிடிப்பது இடக்கை. ஒரு ஷில்லிங் குறைத்த ஆணைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

இவ்வகை மேன்முறையீடுகளைக் கொண்டு துறைமுகக் காயங்களின் வரலாற்றை எழுத முனைவோர் ஓர் எண்ணை நினைவில் இருத்த வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிரந்தர முழு வலுவிழப்புக்கு 42 மாதக் கூலி அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் குறைந்தது, உச்சத்தொகையாக இருந்தது. மேன்முறையீட்டுக்குச் சட்டப் பிரச்சினையோடு, பிணக்கிலுள்ள தொகை குறைந்தது 300 ரூபாயாகவும் இருக்கவேண்டியிருந்தது. ஐந்து வீத விரலுக்கு எவ்வளவு உயர்ந்த கூலியிலும் 175 ரூபாய்க்கு மேல் கிடைத்திராது. பத்து வீதச் சுட்டுவிரல் 300ஐ எட்ட மாதக்கூலி 71 ரூபாயைத் தாண்டவேண்டியிருந்தது. ஆகவே அச்சட்டம் தோற்றுவித்த தீர்ப்புத் தொகுப்புகளில் கைகளும் கால்களும் கிடைக்கும். கட்டைவிரல் தவிர்ந்த தனிவிரல்கள் பெரும்பாலும் ஆணையாளரின் கோப்பைத் தாண்டியிரா. தொகுப்புகளின் மௌனத்தைக் கொண்டு வடமிழுத்தவர்களின் விரல்கள் பத்திரமாக இருந்தன என்று முடிவுகட்டுவது சான்றின் எல்லையை மீறுவதாகும்.