ஷேக்ஸ்பியர் அகராதியின் முகப்பு: ஓர் உரை

‘கவிஞரின் படைப்புகளில் உள்ள ஆங்கிலச் சொற்கள், சொற்றொடர்கள், வாக்கிய அமைப்புகள் அனைத்துக்குமான முழு அகராதி.’ 1874–75இல் இரண்டு தொகுதிகளாக வந்த ‘ஷேக்ஸ்பியர் லெக்சிகன்’ நூலின் துணைத்தலைப்பு இது. தொகுத்தவர் ஆங்கிலேயர் அல்லர். கோனிக்ஸ்பெர்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜெர்மானியர் அலெக்சாண்டர் ஷ்மிட்.

‘முழு அகராதி’ – வெறும் ஜம்பம் இல்லை. அரும்பதவுரைக்காரர் கடினமான சொல்லை மட்டும் பொறுக்குவார். ஷ்மிட் ‘அண்ட்’ என்ற பொடிச் சொல்லையும் விடவில்லை. பொருள் வாரியாகப் பிரித்து, நாடகம், அங்கம், காட்சி, வரி என்று இடம் சுட்டுகிறார். தெரிந்த சொல்தானே என்று நாம் தாண்டிப்போகும் இடத்தில்தான் வழுக்கும். ‘ரோமியோ ஜூலியட்’டில் ஒரு சண்டையை ‘நைஸ்’ என்கிறான் பென்வோலியோ. நல்ல சண்டை என்றல்ல, அற்பச் சண்டை என்று பொருள்.

‘ஆங்கிலச் சொற்கள்’ – இந்த அடைமொழி காரணத்தோடு வந்தது. பிறமொழிச் சொற்களும் வாக்கியங்களும் பின்னிணைப்பில் தனியே நிற்கின்றன. ‘ஐந்தாம் ஹென்றி’யில் இளவரசி ஆங்கிலம் படிக்கும் காட்சி பெரும்பாலும் பிரெஞ்சுதான். பழைய புதுச்சேரிக்காரருக்கு அங்கே அகராதி தேவைப்பட்டிருக்காது.

‘சொற்றொடர்கள், வாக்கிய அமைப்புகள்’ – இலக்கணக் குறிப்புகளும் உண்டு என்பதோடு நகரலாம்.

‘கவிஞரின் படைப்புகளில்’ – புதுச்சேரிக் கோரிமேட்டில் இருந்துகொண்டு இந்தத் தொடரை எளிதாகக் கடக்க முடியவில்லை. கிழக்கே கருவடிக்குப்பத்தில் தமிழ் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1922இல் புதுச்சேரியில் காலமானார். அவர் மொழிக்கு இப்படி ஓர் அகராதி செய்ய உட்கார்ந்தால் முதல் கேள்வியே, எது அவர் படைப்பு என்பதுதான். வெண்பா, விருத்தம், கீர்த்தனை எல்லாம் அவர் எழுதியவை, சரி. ஆனால் அவருடைய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளியும் நாரதரும் போடும் தர்க்கம் நடிகருக்கு நடிகர், இரவுக்கு இரவு மாறும். பபூன் பேச்சுக்கு எந்தப் பிரதியும் கிடையாது. ஷ்மிட்டுக்கு வரி எண்ணோடு அச்சுப் பதிப்பு கையில் இருந்தது. இங்கே பாடபேதம் பார்த்த நல்ல பதிப்பிலிருந்து தொடங்கவேண்டும். தர்க்கத்தை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. பிரெஞ்சுக்கு ஷ்மிட் கொடுத்த இடத்தை, நடிகர் பெயரும் மேடையேறிய ஊரும் குறித்து, தர்க்கத்துக்குக் கொடுக்கலாம். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களை ஒலிப்பதிவு செய்து எழுதியெடுத்தால்தான் அந்தப் பின்னிணைப்பு உருவாகும்.