பனித்தளமும் கந்தோரும்

கோப்பாயில் நீர் உறைந்து கட்டியாகும் குளிர் எக்காலத்திலும் இருந்ததில்லை. கிழக்கே உப்பாற்று வெளியும், மேற்கே கிணற்றுநீர் பாய்ச்சிப் புகையிலையும் வெங்காயமும் விளைவிக்கும் செம்மண் தோட்டங்களும் கொண்ட இவ்வூருக்கும், உறைந்த நீரின்மேல் ஆடப்படும் ஐஸ் ஹொக்கிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அவ்வாட்டத்தின் தொடக்ககாலத் தொழின்முறை ஆட்டக்காரருள் தலைசிறந்தவராகக் கருதப்படும் பிரெடரிக் வெலிங்டன் டெய்லரின் வாழ்க்கை, அரசாங்க உத்தியோகம் என்பதன் மதிப்பையும் கப்பலேறிப் பிறநாடு செல்வதன் இடர்களையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கும் ஒரு யாழ்ப்பாணக் கிராமத்துக்கு, அவரைக் கொண்டாடும் கனடிய இரசிகருக்கு விளங்குவதைக் காட்டிலும் நன்றாகவே விளங்கக்கூடியது.

ஐஸ் ஹொக்கி என்பது, காலணியின் அடியில் எஃகு அலகு பொருத்தப்பட்ட சறுக்கணிகளை அணிந்து, நீண்ட வளைகோல்களால், பக் எனப்படும் தட்டையான கடின இறப்பர் வில்லையை எதிரணியின் வலைக்குள் செலுத்தும் ஆட்டமாகும். மொன்றியல் நகரின் விக்டோரியா சறுக்கரங்கில் 1875 மார்ச் 3 அன்று நடந்த போட்டியே உள்ளரங்கில் ஒழுங்குமுறையாக ஆடப்பட்ட முதற்போட்டி என்பர். அடுத்துவந்த கால் நூற்றாண்டில் இவ்வாட்டம் ஊதியம் பெறாதவர்களுக்கே உரியதாயிருந்தது. ஆடுவதற்குப் பணம் வாங்குவது கனவான் ஒழுக்கத்துக்கு மாறானது என்ற ஆங்கிலேய எண்ணம், அரங்குக்கு அனுமதிச்சீட்டு விற்றுச் சங்கங்கள் பணம் ஈட்டத் தொடங்கிய பின்னரும், ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம்போலவே காக்கப்பட்டது. உடலுழைப்பைக் கொடுத்தவனுக்கு மட்டும் கூலியில்லை என்ற இவ்வேற்பாடு நெடுங்காலம் நிலைத்திருக்க முடியாததாகையால், எல்லையின் மறுபுறத்தில், செம்புச் சுரங்கங்களால் செல்வம் பெருகியிருந்த அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹோட்டன் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு, ஆட்டக்காரர் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் ஹொக்கிச் சங்கம் 1904இல் உருவாயிற்று.

டெய்லர் 1884இல் ஒன்ராறியோவின் தாரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். பண்ணைக் கருவிகளை ஊரூராக விற்றுவந்த தந்தையின் வருமானம் போதாமையால் இளவயதிலேயே படிப்பை விட்டு, லிஸ்டோவல் என்னும் ஊரிலிருந்த பியானோத் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்தார். அவ்வூர் அணியில் அவர் காட்டிய வேகத்தைக் கேள்வியுற்ற ரொறன்ரோ அணியொன்று அவரை அழைத்தபோது அவர் மறுத்துவிடவே, ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் அவரை மாகாணத்தில் எந்த அணிக்கும் ஆட முடியாதவாறு தடைசெய்தது. சம்பளமே கொடாத ஒரு சங்கம், தன் சொற்கேளாத இளைஞனின் ஆட்டத்தை ஒரு பருவம் முழுதும் முடக்கிவைக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது இக்கால வாசகருக்கு வியப்பளிக்கலாம். டெய்லரைத் தொழின்முறை ஆட்டத்துக்குத் தள்ளியது பண ஆசையைக் காட்டிலும் இத்தடையே எனக் கொள்வது பொருந்தும். மானிற்றோபா மாகாணத்துக்குச் சென்று சிலகாலம் ஆடிய அவர், 1906ஆம் ஆண்டளவில் ஹோட்டன் அணியை அடைந்து, அங்கே முதன்முறையாக ஆட்டத்தால் பிழைக்கத் தொடங்கினார்.

அச்சங்கம் 1907இல் கலைந்தபோது ஒட்டாவா அணி அவரை அழைத்துக்கொண்ட முறையே அவரது பிற்கால வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது. ஆட்டத்துக்குரிய பணத்தோடு, கூட்டாட்சி அரசின் குடிவரவுப் பிரிவில் எழுதுவினைஞர் வேலையொன்றும் பேரத்தில் சேர்க்கப்பட்டது. இயற்கைப் பனியை நம்பியிருந்த அந்நாளில் ஹொக்கிப் பருவம் ஏறத்தாழ இரண்டு மாதங்களே நீடித்தது. சனவரியில் தொடங்கி மார்ச்சில் பனி இளகியதும் ஆட்டக்காரனின் பிழைப்பும் இளகிவிடும். எஞ்சிய மாதங்களில் அடுப்பெரிய வேறு வழி வேண்டியிருந்தது. முழங்கால் ஒன்று முறிந்தால் பருவகால வருமானமும் போய்விடும் என்பதை அறிந்திருந்தவருக்கு, மாதம்தோறும் தவறாது வரும் சிறு சம்பளமே பெரிதாகப் பட்டது.

இந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளக் கோப்பாய்க்கு உரை தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்துத் திருச்சபை மிசனரிமார் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியொன்றை இங்கு நடத்தினர். பிற்காலத்தில் ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இவ்வூரிலேயே அமைந்தன. தோட்டத்து விளைச்சல் மழையையும் சந்தை விலையையும் பொறுத்தது. கந்தோர்ச் சம்பளமோ அவ்வாறன்று என்ற தெளிவே, ஆங்கிலம் கற்ற இளைஞர்களைக் கொழும்புக்கும், மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அனுப்பி, ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களை மலாயன் பென்சனியர் என்ற தனிப்பெயரால் ஊர் மதிக்கவும் செய்தது. உத்தியோகம் புருட லட்சணம் என்ற பழமொழியை டெய்லர் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அதன்படியே வாழ்ந்தார்.

ஒட்டாவாவில் 1908 சனவரியில் புதிய அரங்கில் நடந்த போட்டியொன்றில் அவர் ஆடிய வேகத்தைக் கண்ட மகாதேசாதிபதி கிறே பிரபு, அவரைச் சூறாவளி என்று வியந்ததாகவும், அதிலிருந்தே சைக்ளோன் என்ற பட்டப்பெயர் நிலைத்ததாகவும் கூறுவர். அடுத்த ஆண்டு ஒட்டாவா ஸ்டான்லிக் கிண்ணத்தை வென்றது. கனடாவின் மகாதேசாதிபதியாயிருந்த ஸ்டான்லிப் பிரபு 1892இல் வழங்கிய அக்கிண்ணமே இன்றுவரை இவ்வாட்டத்தின் முதன்மைப் பரிசாகும். அதன்பின், வெள்ளிச் சுரங்கத்தாலும் இருப்புப்பாதை ஒப்பந்தங்களாலும் பெருஞ்செல்வரான ஓபிறையன் குடும்பத்தார் ரென்பிறூ என்ற சிற்றூரின் அணிக்குக் கிண்ணத்தை விலைகொடுத்தேனும் வாங்கிவிடுவதென்று முனைந்து, 1909-10 பருவத்தின் பன்னிரண்டு போட்டிகளுக்கு டெய்லருக்கு 5,250 டொலர் கொடுத்தனர். கிண்ணம் ரென்பிறூவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அத்தொகை அணி உரிமையாளர்களை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதற்கு, அடுத்த பருவத்தில் தேசிய ஹொக்கிச் சங்கம் ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கே 5,000 டொலர் என்று உச்சவரம்பு விதித்தமை சான்றாகும். ஓர் ஆட்டக்காரர் முந்திய ஆண்டு பெற்றதைக் காட்டிலும் குறைந்த தொகையை ஓர் அணி முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ரென்பிறூ அணி 1911இல் கலைந்ததும் அதன் ஆட்டக்காரர்கள் ஏனைய அணிகளுக்குப் பங்கிடப்பட்டபோது, டெய்லர் மொன்றியல் வாண்டரர்ஸ் அணியின் பங்கில் விழுந்தார். ஆட்டக்காரரின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கமில்லாத இத்தகைய பங்கீடு பின்னரும் பல பதிற்றாண்டுகள் நீடித்தது. நிலையான தொழிற்சங்கமொன்று ஆட்டக்காரருக்கு அமைந்தது 1967இலேயே. டெய்லரோ மொன்றியலுக்குப் போக மறுத்து, அடுத்த பருவத்தை ஏறத்தாழ முழுதும் ஆடாமலே கழித்தார். வேறு வருமானமற்ற ஆட்டக்காரனொருவன் எடுத்திருக்கக் கூடாத முடிவு இது. ஒட்டாவாவில் அவருக்கு உத்தியோகம் இருந்தது; மணமுடிக்க எண்ணியிருந்த தர்சா குக் என்ற பெண்ணும் இருந்தார். பெண் வீட்டார் வசதி படைத்தவர்கள். ஹொக்கி ஆடுபவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கியமையால், 10,000 டொலர் சேமித்த பின்னரே திருமணம் என்று அவர் தமக்குத்தாமே வரையறை வைத்துக்கொண்டார் என அவரது வரலாறுகள் கூறும். மாப்பிள்ளை பணம் சேர்க்கக் காத்திருந்த இச்செய்தி, பெண் வீட்டார் சீதனம் சேர்க்கக் காத்திருக்கும் நாட்டில் சிறு முறுவலை வரவழைக்கலாம். திருமணம் 1914இன் தொடக்கத்தில் நடந்தது.

அதற்கு முன்பே, 1912இல், அவர் பசிபிக் கரையிலுள்ள வன்கூவருக்குப் பெயர்ந்திருந்தார். அங்கே பற்றிக் என்ற சகோதரர் இருவர் எழுப்பிய டென்மன் அரங்கு, குழாய்களில் குளிரூட்டிய உப்புநீரைச் செலுத்திச் செயற்கையாகப் பனித்தளம் அமைக்கும் முறையைக் கனடாவில் முதன்முதலாகக் கைக்கொண்ட அரங்குகளுள் ஒன்று; பத்தாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடியது. அணிக்கு எழுவர் ஆடிய அக்காலத்தில், குறித்த இடமின்றித் தாக்குதலுக்கும் காப்புக்கும் ஓடித்திரியும் ஏழாமவர் ரோவர் எனப்பட்டார். பிற்காலத்தில் மறைந்துபோன அந்த இடமே டெய்லருக்கு மிகவும் பொருந்தியது. 1915இல் ஒட்டாவாவை மூன்று போட்டிகளிலும் தோற்கடித்து வன்கூவர் ஸ்டான்லிக் கிண்ணத்தை வென்றது. 1917-18 பருவத்தின் பதினெட்டுப் போட்டிகளில் அவர் 32 கோல்கள் அடித்தார். ஊர் மாறியபோதும் உத்தியோகம் மாறவில்லை. ஒட்டாவாவிலிருந்து வன்கூவர்க் குடிவரவுக் கந்தோருக்கு இடமாற்றம் பெற்றிருந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சென்று பயணிகளைப் பரிசோதிப்பது அவ்வேலையின் பகுதியாகும்.

1914 மே 23 அன்று கோமகாட்டா மாரு என்ற யப்பானியக் கப்பல் 376 இந்தியப் பயணிகளுடன் வன்கூவர்த் துறையை அடைந்தபோது, அதனை முதலில் எதிர்கொண்ட குடிவரவு அதிகாரி சைக்ளோன் டெய்லரே. பயணிகளுள் 340 பேர் சீக்கியர். ஏனையோர் முசுலிம்களும் இந்துக்களும். குர்தித் சிங் என்பவர் ஒங்கொங்கில் வாடகைக்கு அமர்த்திய அக்கப்பல், தாய்நாட்டிலிருந்து இடையில் தங்காது நேர்ப் பயணமாக வருபவரே கனடாவில் இறங்கலாம் என்ற விதியை மீறியதாகக் கொள்ளப்பட்டது. இந்தியாவிலிருந்து நேராக வரும் கப்பல் சேவை இல்லாதிருக்க, எந்த இனத்தின் பெயரையும் சொல்லாமலே ஓர் இனத்தைத் தடுப்பதற்கென எழுதப்பட்ட அவ்விதி பிறந்தது 1908 சனவரியில். டெய்லர் சூறாவளியென்று புகழப்பட்ட அதே மாதத்தில், அவர் எழுதுவினைஞராயிருந்த அதே பிரிவின் தேவைக்காக. இரண்டு மாதங்கள் கடலிலேயே நிறுத்திவைக்கப்பட்ட கப்பல், 24 பேரைத் தவிர ஏனையோரைத் தாங்கியபடி, யூலை 23 அன்று றெயின்போ என்ற போர்க்கப்பலின் காவலோடு திருப்பி அனுப்பப்பட்டது. கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள பஜ்பஜ் துறையில் செப்டெம்பர் 29 அன்று பொலிசார் சுட்டதில் பயணிகளுள் இருபதின்மரளவில் மாண்டனர்.

இந்நிகழ்ச்சியில் டெய்லரின் பங்கை மிகைப்படுத்துவது முறையன்று. முடிவெடுத்தவர்கள் வன்கூவர்க் குடிவரவுத் தலைமை அதிகாரி மல்கம் றீட், நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன்ஸ், அவர்களுக்குப் பின்னால் இருந்த ஒட்டாவா அரசு ஆகியோர். டெய்லர் தம் கடமையைச் செய்த இடைநிலை உத்தியோகத்தர். ஆனால் ஹொக்கி வரலாறுகள் இதனை ஒரு வரியில் கடந்துபோவதும், குடிவரவு வரலாறுகள் ஹொக்கிச் செய்தியை விந்தைத் துணுக்காக மட்டும் தருவதும் ஒரே மனிதரை இரு மனிதராக்கிவிடுகின்றன. அவரது ஆட்டத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டதே அந்த உத்தியோகம். ஒன்றையன்றி மற்றதை எழுத இயலாது.

அரங்கிலிருந்து 1920களின் தொடக்கத்தில் விலகிய டெய்லர், கந்தோரிலிருந்து விலகவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா, யூக்கொன் பகுதிகளின் குடிவரவு ஆணையாளர் பதவிவரை உயர்ந்து, குடிவரவுச் சேவைக்காக 1946இல் பிரித்தானிய அரச விருதும், ஆட்டத்துக்காக 1947இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் இடமும் பெற்று, 1950இல் ஓய்வுபெற்றார். ஆட்டம் அவருக்குச் சோறிட்டது பதினைந்து ஆண்டுகளளவில். உத்தியோகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். 1979இல் தமது 94ஆவது வயதில் காலமானார்.

அதற்குள் கனடாவின் சட்டம் மாறியிருந்தது. 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து, கோப்பாயையும் அயலூர்களையும் சேர்ந்த குடும்பங்கள் உட்பட, பெருந்தொகையான தமிழர்கள் அந்நாட்டில் குடியேறினர். ஆயினும் கடல்வழி வந்தவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி பெரிதும் மாறவில்லை. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டபோது, இவர்கள் இந்தியாவிலிருந்து நேரே வந்தவர்களா, மேற்கு ஜேர்மனியில் தங்கி வந்தவர்களா என்பதே பெரிய வழக்காகப் பேசப்பட்டது. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் வந்திறங்கியது, டெய்லர் ஆணையாளராயிருந்த அதே பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையில்.

1966இல் அம்மாகாணத்தின் டங்கன் நகரில் சீக்கியக் குடும்பமொன்றில் பிறந்த றொபின் பாவா, 1989-90 பருவத்தில் வாசிங்ரன் அணிக்கு ஆடி, தேசிய ஹொக்கி லீக்கில் இடம்பெற்ற முதல் இந்திய வம்சாவழி ஆட்டக்காரரானார். நான்கு அணிகளுக்காக அவர் ஆடிய 61 போட்டிகளுள் இரண்டு வன்கூவர் அணிக்கானவை. இன்று அந்நகரின் ஹொக்கி அணி தன் சிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் வழங்கும் பரிசு டெய்லரின் பெயரைத் தாங்கியுள்ளது.

கோமகாட்டா மாரு பயணிகளைத் திருப்பியனுப்பியமைக்காகக் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது 2016 மே மாதத்தில். டென்மன் அரங்கு 1936இல் தீக்கிரையாகி, அது நின்ற இடம் இப்போது கடலோரப் பூங்காவாயிருக்கிறது. கோல் ஹார்பர் எனப்படும் அதே கரையில், அப்பூங்காவுக்குச் சற்றுக் கிழக்கே, அக்கப்பலின் பயணிகளுக்கான நினைவுச்சின்னம் 2012 யூலையில் திறந்துவைக்கப்பட்டது.