அரபிக் கடலில் மறைந்த மாலுமிகள்

பம்பாயிலிருந்து ‘துவாரகா’ கப்பலேறி வளைகுடாவுக்கு வந்து இறங்கிய பெரியவர்கள் நம் அன்பர்களிடையே இன்னும் சிலர் உண்டு. 1982 வரை ஓடிய அக்கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தமானது. அதே கம்பெனியின் ‘திலாவா’ என்ற கப்பலைப் பற்றி அறிந்தவர் குறைவு.

1942 நவம்பர் 20ந் தேதி, உலக மகாயுத்தம் உக்கிரமாக நடந்த சமயம், திலாவா பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் நோக்கிப் புறப்பட்டது. பிரயாணிகள் 732 பேர், சிப்பந்திகள் 222 பேர், பீரங்கி வீரர் நால்வர். 23ந் தேதி அதிகாலை, ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி எய்த டார்பிடோ தாக்கியது. ஜனங்கள் படகுகளில் இறங்கினர். கப்பல் உடனே முழுகாததால், இனி ஆபத்தில்லை என்று எண்ணிச் சிலர் திரும்பவும் ஏறினர். அப்போதுதான் இரண்டாவது டார்பிடோ வந்தது. 280 பேர் மாண்டனர். மிஞ்சியவர்களில் பெரும்பாலோரை ‘பர்மிங்ஹாம்’ என்ற போர்க்கப்பல் மீட்டுப் பம்பாய் சேர்த்தது.

அக்காலத்துக் கப்பல்களில் மேல்தளத்தில் குஜராத், கொங்கணக் கரையோரத்தார். அடியில் கொதிக்கும் நீராவி அறையில் சில்ஹெட், பஞ்சாப் முஸ்லிம்கள். சமையலிலும் பரிமாறுவதிலும் கோவா கிறிஸ்தவர்கள். எல்லோருக்கும் ‘லஸ்கர்’ என்ற ஒரே பெயர். வெள்ளைக்கார மாலுமியைவிட மிகக் குறைந்த சம்பளம்.

ஐந்து மாதம் கழித்து, 1943 ஏப்ரலில், மடகாஸ்கர் அருகே ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டதும் இதே ஐ-29தான். நேதாஜி படத்துக்கு மாலை சாற்றும் குடும்பங்களுக்கு இது சங்கடமான செய்தி. ஆயினும் இரண்டும் நடந்தவை.

நமது கரையையும் யுத்தம் விட்டுவைக்கவில்லை. 1943 அக்டோபர் 16ந் தேதி, யூ-533 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைப் பிரிட்டிஷ் விமானம் ஒன்று ஓமான் வளைகுடாவில் மூழ்கடித்தது. அவ்விமானப் படைப்பிரிவின் தளம் ஷார்ஜா. நீர்மூழ்கியில் இருந்த 53 பேரில் பிழைத்தவர் ஒருவரே: குந்தர் ஷ்மிட். 28 மணி நேரம் மிதவை அங்கிகூட இல்லாமல் கடலில் கிடந்த அவரைக் கோர்ஃபக்கான் அருகே காப்பாற்றியது இந்தியக் கடற்படையின் ‘ஹிராவதி’. எந்தக் கடலில் நம்மவர் டார்பிடோவுக்கு இரையானார்களோ, அதே கடலில் நம்மவர் கை பகைவனைத் தூக்கிவிட்டது.

திலாவாவோடு மூழ்கிய 2,364 வெள்ளிப் பாளங்கள் 2017ல் வெளியே எடுக்கப்பட்டன. அவை யாருக்குரியவை என்ற வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024ல் தீர்ந்தது. வெள்ளிக்கு எண்ணிக்கை பிசகவில்லை!

மாலுமிகளின் கதை வேறு. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இறந்தவர்களுக்கு லண்டன் டவர் ஹில்லில் கப்பல்வாரியாகப் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்த யுத்தத்தில் கடலில் மறைந்த இந்திய மாலுமிகள் 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் இல்லை, ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. அதன் பிரதி ஒன்று வங்கதேசத்துச் சிட்டகாங்கில். மற்றொன்று மும்பை மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லத்தில்.