அக்குபஞ்சர் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

அக்குபஞ்சர் என்றால் என்ன?

உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மிக மெல்லிய ஊசிகளைச் செலுத்தி அளிக்கப்படும் சீனப் பாரம்பரிய மருத்துவ முறையே அக்குபஞ்சர் ஆகும். இது 2000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. உடலில் ‘சி’ எனும் உயிராற்றல் தடையின்றி ஓடுவதே நலம் என்பது இம்முறையின் கோட்பாடு. எனவே சிகிச்சையாளர் வலியுள்ள இடத்தை மட்டுமன்றி நாடி, நாக்கு, உறக்கம், செரிமானம், மனநிலை ஆகியவற்றையும் கேட்டறிவார். ஊசி தூண்டும்போது நரம்புகள் வழியே வலியைத் தணிக்கும் எண்டார்பின் போன்ற பொருட்கள் உடலில் சுரப்பதாக நவீன ஆய்வுகள் விளக்குகின்றன.

இந்தியாவில் இதன் நிலை

1938ஆம் ஆண்டு சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிசுடன் இடம்பெற்ற மருத்துவர் பிஜய் குமார் பாசு, 1959இல் கொல்கத்தாவில் இச்சிகிச்சையைத் தொடங்கினார். 2019இல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை இதனைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபஞ்சர் கற்பிக்கப்படுகிறது.

எவற்றுக்குப் பயன்படலாம்?

நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, முழங்கால் மூட்டுத் தேய்மான வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் ஓரளவு நிவாரணம் கிடைக்கலாம். பரமத்தி வேலூர்ப் பகுதியில் வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் குனிந்து உழைப்போருக்கும், நெடுந்தூரம் லாரி ஓட்டுவோருக்கும் இத்தகைய வலிகள் பழக்கமானவை. எனினும், முதலில் மருத்துவரிடம் வலியின் காரணத்தைக் கண்டறிந்து கொள்ளுங்கள்.

எதனைச் செய்யக் கூடாது?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு, புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றுக்கான மருந்துகளுக்கு அக்குபஞ்சர் மாற்றாகாது. “மருந்து உடலுக்கு நஞ்சு, நிறுத்திவிடுங்கள்” என எவர் கூறினாலும் ஏற்காதீர்கள். இன்சுலின் இன்றி வாழ இயலாத நோயாளி அதனை நிறுத்தினால், ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறக்கூடும். குழந்தைகளின் தடுப்பூசிகளையும் தவிர்க்காதீர்கள்.

சிகிச்சைக்கு முன் கேளுங்கள்

- சிகிச்சையாளரின் கல்வித் தகுதி, பதிவு ஆகியவை என்ன?
- ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமிநீக்கிய ஊசியா? உறையை உங்கள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லுங்கள்.
- எத்தனை அமர்வுகள் தேவை? பயனில்லையெனில் எப்போது நிறுத்துவது?

இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோரும், இரத்தப்போக்கு நோய் உள்ளோரும், கர்ப்பிணிகளும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் மின்தூண்டல் அக்குபஞ்சரைத் தவிர்க்க வேண்டும்.

பக்கவிளைவுகள்

ஊசி குத்திய இடத்தில் சிறு வலி, இரத்தக்கசிவு, கன்றிப்போதல், சற்றே தலைசுற்றல் ஆகியவை ஏற்படலாம். அரிதாக, மார்புப் பகுதியில் ஆழமாகச் செலுத்தப்பட்ட ஊசி நுரையீரலைத் துளைக்கக்கூடும். சிகிச்சைக்குப்பின் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால், உடனே 108 எண்ணை அழையுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளி உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உடன் எடுத்துச் செல்லுங்கள். அக்குபஞ்சர் பெறுவதை அரசு மருத்துவமனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். வீட்டிலுள்ள முதியவர் மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிட்டாரா எனக் கவனியுங்கள். ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.