சிறுநீரக மாற்றீட்டின் நீண்டகால விளைவுகள்

சிறுநீரக மாற்றீடு என்பது செயலிழந்த சிறுநீரகத்தின் பணியை ஏற்பதற்காக வேறொருவரின் சிறுநீரகத்தை நோயாளியின் உடலில் பொருத்தும் அறுவை மருத்துவம் ஆகும். உயிருடன் இருக்கும் கொடையாளியிடமிருந்தோ, இறந்தவரிடமிருந்தோ (பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்) சிறுநீரகம் பெறப்படுகிறது. தகுதியுடைய பெரும்பாலான நோயாளிகளுக்கு இது குருதிக் கூழ்மப்பிரிப்பை (டயாலிசிஸ்) விடக் கூடுதலான வாழ்நாளைத் தருகிறது. எனினும் இதனை நோய் முற்றிலும் நீங்கும் வழி எனக் கருதுதல் தவறாகும். பொருத்தப்பட்ட சிறுநீரகம் பொதுவாக வரையறுக்கப்பட்ட காலமே இயங்கும். அது இயங்கும்வரை மருந்தும் கண்காணிப்பும் தொடர வேண்டும்.

சிறுநீரகச் செயலிழப்பு

நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் உண்டாகும் அழற்சி ஆகியன முதன்மைக் காரணங்கள். வடிகட்டும் திறன் நிமிடத்திற்கு 15 மில்லிலிட்டருக்குக் குறையும்போது அது நோயின் ஐந்தாம் நிலை, அதாவது இறுதி நிலை எனப்படும். கூழ்மப்பிரிப்பு கழிவுகளையும் மிகை நீரையும் அகற்றுமே தவிர, குருதிச் சிவப்பணு உருவாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்காது. மாற்றுச் சிறுநீரகம் அதனையும் செய்யும்.

நோயாளியின் பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் அகற்றப்படுவதில்லை. புதியது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்தப்படுகிறது. ஆகவே மாற்றீடு பெற்ற பலரின் உடலில் மூன்று சிறுநீரகங்கள் இருக்கும்.

முதல் மாற்றீடுகள்

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ஜோசப் மரே தலைமையிலான குழு ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய ஒருகரு இரட்டையரான ரிச்சர்டு ஹெரிக்குக்குப் பொருத்தியது. நீண்டகாலம் பயனளித்த முதல் சிறுநீரக மாற்றீடு இதுவே. ஒருகரு இரட்டையர் என்பதால் உடல் அதனை அயலானதாகக் கருதவில்லை. ஆயினும் ரிச்சர்டு எட்டு ஆண்டுகளே வாழ்ந்து 1963இல் இறந்தார். அவருடைய பழைய சிறுநீரகங்களை அழித்த அதே அழற்சி நோய் புதிய சிறுநீரகத்திலும் தோன்றியிருந்தது.

இதற்கு நேர்மாறானது ஈடித் ஹெல்ம் என்பவரின் வரலாறு. 1956இல் தம் இரட்டைச் சகோதரியிடமிருந்து சிறுநீரகம் பெற்ற இவர், 1958இல் குழந்தை ஈன்றார்; 2011 வரை வாழ்ந்தார். நிராகரிப்பு இல்லாத இருவருக்கிடையே இத்தனை வேறுபாடு இருப்பது, மூல நோயின் தன்மையும் விளைவைத் தீர்மானிக்கிறது என்பதைக் காட்டுகிறது.

நிராகரிப்பும் மருந்துகளும்

மற்றையோருக்கு நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகள் இன்றியமையாதவை. 1960களில் அசத்தியோபிரினும் ஸ்டீராய்டும், 1980களில் சைக்ளோஸ்போரினும், 1990களில் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் ஆகியனவும் பயன்பாட்டுக்கு வந்தன. மரேவுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் வெற்றிகரமான மாற்றீடு நடைபெற்றது.

எத்தனை ஆண்டுகள்?

இன்று பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மாற்றுச் சிறுநீரகங்கள் முதலாண்டைக் கடக்கின்றன. இக்காலத்தில் கண்ட முன்னேற்றத்தின் அளவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் முன்னேற்றம் ஏற்படவில்லை. மேலை நாட்டுப் பதிவேடுகளில், பொருத்தப்பட்டவற்றுள் பாதி செயலிழக்கும் காலம், இறந்தோர் கொடைக்கு ஏறத்தாழ 10 முதல் 12 ஆண்டுகள் எனவும், உயிருள்ளோர் கொடைக்கு 15 முதல் 20 ஆண்டுகள் எனவும் காணப்படுகிறது. இவ்வெண்ணைக் காலாவதி நாள் போல வாசித்தல் கூடாது. மீதிப் பாதி அதற்கு மேலும் இயங்குகிறது என்பதே இதன் பொருள். மேலும், நன்கு இயங்கும் சிறுநீரகத்துடன் ஒருவர் மாரடைப்பால் இறந்தால் சில கணக்குகள் அதனையும் சிறுநீரக இழப்பாகச் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. இரு மருத்துவமனைகளின் எண்களை ஒப்பிடுமுன் இதனைப் பார்க்க வேண்டும்.

பிற்காலச் சிக்கல்கள்

இதய, குருதிக்குழாய் நோய்கள் இறப்புக்கான முக்கியக் காரணங்களுள் அடங்கும். எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்படுவதால் தொற்றுகளும் சில புற்றுநோய்களும் கூடுதலாக வருகின்றன. வெண்ணிறத் தோலுடையோரிடம் தோல் புற்றுநோய் மிகுதி. டாக்ரோலிமசும் ஸ்டீராய்டும் புதிதாக நீரிழிவை உண்டாக்கக்கூடும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியன தாம் காக்க வேண்டிய சிறுநீரகத்தையே நாளடைவில் பழுதாக்க வல்லவை என்பது இம்மருத்துவத்தின் பெரும் முரண்.

காசநோய் மிகுந்த தெற்காசியாவில் வேறொரு சிக்கலும் உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், டாக்ரோலிமசின் குருதி அளவை வெகுவாகக் குறைத்துவிடும். அளவை மாற்றியமைக்காவிடில் நிராகரிப்பு நேரலாம்.

மருந்தை நிறுத்துதல்

பிற்கால இழப்புகளுள் தவிர்க்கக்கூடியது, மருந்தை விட்டுவிடுவதால் வருவதாகும். செலவு, பக்கவிளைவு, மறதி ஆகியவற்றோடு, உடல் நலமாக இருப்பதும் ஒரு காரணமாகிறது. பதின்ம வயதினரிடமும் இளைஞரிடமும் இது மிகுதி. மருந்தை விட்டவுடன் எந்த அறிகுறியும் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் கொடையாளியின் திசுக்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மெல்ல உருவாகத் தொடங்குகின்றன. குருதியில் கிரியாட்டினின் உயரும்போது பெரும்பாலும் மீட்க முடியாத அளவு சேதம் நேர்ந்திருக்கும். இவ்வெதிரிகள் இரண்டாம் மாற்றீட்டிற்குப் பொருத்தமான கொடையாளியைக் கண்டறிவதையும் கடினமாக்குகின்றன.

கொடையாளியின் நிலை

எஞ்சிய ஒரு சிறுநீரகம் தன் பணியைக் கூட்டிக்கொள்கிறது. பிற்காலத்தில் சிறுநீரகச் செயலிழப்பு நேரும் வாய்ப்பு, கொடையளிக்காத நலமுள்ளோரைவிடச் சற்றுக் கூடுதலாயினும் மிகக் குறைவே. ஆண்டுதோறும் குருதி அழுத்தமும் சிறுநீரில் புரதமும் சோதிக்கப்பட வேண்டும். ரொனால்டு ஹெரிக், கொடையளித்து 56 ஆண்டுகள் கடந்தபின், 2010 டிசம்பரில் தமது 79ஆம் அகவையில் காலமானார்.