தில்லையடி ஜீப்: தினமும் ஓடவும் காட்டுப் பாதை கடக்கவும்

புத்தளம் தில்லையடியில் வீடு, மன்னார் முசலியில் காணி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல இன்றும் இப்படித்தான் இரண்டு ஊர்களில் வாழ்கின்றன. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. வில்பத்து ஊடாகப் போகும் பழைய மன்னார் பாதை வழக்குகளிலும் தடைகளிலும் சிக்கியதால், ஏ12 வீதியில் அநுராதபுரம், பிறகு மதவாச்சி, ஏ14 வீதியில் மன்னார்ப் பக்கம் என்று சுற்றித்தான் காணிக்குப் போகிறோம். கடைசித் தூரம் செம்மண் பாதை. அதே வாகனம்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் வாப்பும்மாவை கிளினிக்குக்கும் கொண்டுபோகிறது.

சாச்சாவிடம் இருப்பது மிட்சுபிஷி 4டீஆர்5 ஜீப். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உரிமத்தில் ஜப்பானில் 1953 முதல் 1998 வரை தயாரான வகை. 2,659 சீசீ டீசல் எஞ்சின், நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. புதிய வாகனத்தின் விலையைக் கேட்டபின் பழையதைத் திருத்துவதே வழி என்று முடிவாயிற்று. மாற்றியமைப்பது எங்கள் மக்களுக்குப் புதிதுமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை.

முதலில் எல்லோரும் கேட்பது "எவ்வளவு உயர்த்தலாம்?" என்பதுதான். ஸ்பிரிங்கை மாற்றி உடலை இரண்டு அங்குலம் தூக்கினாலும், அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த உயரத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் அடிபடுவது அதுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. சாச்சாவின் ஜீப்பில் இப்போது 15 அங்குல ரிம்மில் 235/75 டயர் இருக்கிறது. அதன் விட்டம் சுமார் 733 மில்லிமீற்றர். 31 அங்குல டயர் போட்டால் 787. வித்தியாசம் 54 மில்லிமீற்றர், அதில் பாதி, அதாவது 27 மில்லிமீற்றர்தான் தரையிலிருந்து கிடைக்கும் இலாபம். பதிலுக்கு மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64க்கு மேல் ஓடுவீர்கள். பழைய பிரேக்குக்குச் சுமை கூடும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும். உடலையும் தூக்கினால் பிரேக் ஹோஸின் நீளம், புரொப்பெல்லர் சாஃப்டின் சாய்வு இரண்டையும் பார்க்கவேண்டும்.

உயரத்தைப் பற்றிய பேச்சை முடித்து வைத்தது வாப்பும்மாதான். முழங்கால் வலிக்காரி. பக்கத்து வீட்டில் தூக்கி நிறுத்தியிருந்த ஜீப்பைப் பார்த்துவிட்டு, "ஏணி வெச்சா மகன் இதுல ஏறுற?" என்றார். ஆகவே உயரத்தில் கை வைக்கவில்லை. அதே அளவில் சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான ஏ/டீ டயர் நான்கு வாங்கினோம். ஆழமான பற்கள் கொண்ட சேற்று டயர் பார்க்க அழகு. மழையில் நனைந்த தார் வீதியில் பிடிமானம் குறைவு, இரைச்சலும் அதிகம். எங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி தார்.

மிச்சக் காசு பின்பக்கத்துக்குப் போனது. பழைய ஜீப்புகளில் பின்னால் எதிரெதிராக இரண்டு நீள வாங்கு இருக்கும், பெல்ட் இருக்காது. முன்னோக்கிய இருக்கையும் மூன்று முனை பெல்ட்டும் போடச் சொன்னேன். இங்கே ஒரு விஷயம் முக்கியம்: பெல்ட்டின் ஆணியைத் துருப்பிடித்த தகட்டில் முறுக்கினால் மோதும்போது தகட்டோடு பிய்ந்து வரும். தடித்த இரும்புத் தகட்டைப் பின்னால் கொடுத்து, சட்டத்தோடு பிணைக்கவேண்டும். இதற்குக் காசு பார்க்காதீர்கள்.

புத்தளத்துக்கென்றே ஓர் எதிரி உண்டு, உப்பு. களப்புக் காற்றும் உப்பளப் பக்கத்து ஓட்டமும் சேசிஸை உள்ளிருந்து தின்னும். கரையில் ஓடிவந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவவேண்டும். கழிவு ஒயில் பூசும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அது பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்களிலும் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். சேசிஸுக்கென்று விற்கும் மெழுகுப் பூச்சு நல்லது.

ஓட்டும் முறையும் மாற்றத்தில் சேர்த்தி. இந்த ஜீப்பில் நடு டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லு இயக்கத்தைப் போட்டுத் திருப்பினால் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி கியர்ப்பெட்டியைக் கெடுக்கும். கற்பிட்டி மணலில் காற்றை 30இலிருந்து 18 பீஎஸ்ஐக்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். தாருக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப, பற்றரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் போதும். ஸ்நோர்க்கல் எஞ்சினுக்குள் தண்ணீர் போவதைத்தான் தடுக்கும். எலுவன்குளத்தில் கலா ஓயா சப்பாத்துக்கு மேலால் பாயும்போது வாகனத்தைத் தள்ளிக்கொண்டு போவதை அது தடுக்காது.

எஞ்சின், உடல் அமைப்பு, நிறம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்தவேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் விபத்தின் பின் இழப்பீட்டில் இழுபறிதான். மேலதிக விளக்குகளையும் எயார் ஹோர்னையும் 2025 தொடக்கத்திலிருந்து பொலிஸார் நிறுத்திக் கழற்ற வைக்கிறார்கள். நாங்கள் பொருத்தவேயில்லை.

காணிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. போர் நடந்த பகுதிகளில் பாதையில் குழி இருக்கிறதென்று பற்றைக்குள் வண்டியை விடாதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால், எந்த டயர் போட்டிருந்தாலும் வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். சாச்சா இப்போதும் சேறு கண்டால் இறங்கி, ஏற்கெனவே வண்டி போன தடத்தை நடந்து பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறார்.